மாட்டுக்கும் 32, மாப்பிள்ளைக்கும் 32

ஏலே மாப்ளே, இங்கன வா. இந்தத் திண்ணையில உக்காரு. சங்கதி என் காதுக்கும் வந்துட்டு. சனிக்கிழமை காலையில பல்லாஸ்பத்திரிக்கு நாள் குறிச்சிருக்கியாமே! பொண்ணு பாக்கப் போறதுக்கே ரெண்டு தடவை தேதியைத் தள்ளி வச்ச பய, பல்லுக்கு மட்டும் தவறாம நாள் குறிச்சிட்டான்னு உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. கல்யாணப் போட்டோவுல பல்லு வெள்ளையா விழணுமாம்லா. நியாயந்தான். நிச்சயதார்த்தத்துல போட்டோக்காரன் ‘சிரிங்க சார்’னு தொண்டை வறளக் கத்துதான், நீ உதட்டைத் தச்சு வச்சிக்கிட்டு நிக்கே. பொண்ணு வீட்டுப் பெரியவரு ஒருத்தரு எங்கிட்ட ஒதுங்கி வந்து, ‘மாப்பிள்ளைக்கு இந்தச் சம்பந்தத்துல ஏதும் வருத்தமோ?’ன்னாரு. ‘வருத்தமெல்லாம் இல்ல, டீக்கறை’ன்னு சொல்லி அனுப்பி வச்சேன்.

இப்போ நாள் நெருங்க நெருங்க ஒனக்கு வயித்தைக் கலக்குதாம். ராத்திரி பூரா செல்போன்ல தேடித் தேடிப் பாக்கியாம். ஊசி போடுவாவளா, ரத்தம் கொட்டுமா, பல்லு ஆடிப் போகுமான்னு. கடவாய்ப் பல்லு வீங்கி, கன்னத்துல கையை வச்சிக்கிட்டுப் போறவன் பயந்தா அதுல ஒரு அர்த்தம் இருக்கு. நீ ஒண்ணும் வலிக்காதப்போ போறவன். ஒன்னை மாதிரி ஆளு வந்தா டாக்டரம்மாவுக்கே அன்னைக்கிப் பண்டிகைதான்.

பல்லைப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு கேக்காதே. மேலப்பாளையம் சந்தையில மாட்டுத் தரகு பாத்த கை இது. மாட்டு உதட்டைத் தூக்கிப் பாத்துட்டு வயசு சொல்லுத வித்தையை எங்கய்யா எனக்கு மீசை முளைக்க முன்னாடியே சொல்லிக் கொடுத்தாரு. பால்பல்லு விழுந்து ரெண்டு பல்லு போட்டிருந்தா சுமாரா ரெண்டு வயசு. அப்புறம் நாலு பல்லு, ஆறு பல்லு. எட்டும் சேந்துட்டுன்னா நாலு அஞ்சு வயசு ஆயாச்சு. மேல்தாடையில மாட்டுக்கு முன்பல்லே கெடையாது. தெரியாத பயலுவ அதைப் பாத்துட்டு ‘பல்லு விழுந்த மாட்டைத் தலையில கட்டப் பாக்கீரா?’ன்னு சண்டைக்கு வருவானுவ. கடவாயெல்லாம் சேத்து எண்ணினா மாட்டுக்கு மொத்தம் 32. ஒனக்கும் ஞானப்பல்லு நாலும் மொளைச்சிருந்தா 32. ஆண்டவன் கணக்குல பேதம் பாக்கல. ஆனா ஒண்ணு, வாயைத் தொறக்கதுக்கு முன்னாடி எந்த மாடும் செல்போனைப் பாத்துப் பயந்தது கெடையாது.

பல்லாஸ்பத்திரி நாக்காலியில மொதல் தடவை சாஞ்சப்போ எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு. ஆயுசு பூரா அடுத்தவன் மாட்டு வாயைப் பாத்தவன், இப்போ என் வாயை ஒரு சின்னப் பிள்ளை டார்ச் அடிச்சுப் பாக்கா. உங்கத்தை கல்யாணமான நாள்ல இருந்து என்னை வாயை மூடச் சொல்லிக்கிட்டே இருக்கா. இந்த ஒலகத்துல ‘ஐயா, வாயை நல்லாத் தொறங்க, இன்னும் தொறங்க’ன்னு எங்கிட்டக் கெஞ்சின ஒரே ஆத்மா அந்த டாக்டரம்மாதான். அதுக்காகவே வருசா வருசம் போறேன்னு வச்சிக்கோயேன்.

சரி, விசயத்துக்கு வாரேன். சனிக்கிழமை காலையில நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். விடியக்காலம் எந்திரிச்சு, பிரஷ்ஷுல மூணு வெரல் நீளத்துக்குப் பேஸ்ட்டைப் பிதுக்கி, அரை மணி நேரம் நிலைக்கதவைத் தேய்ச்ச தேய்ப்புத் தேய்ப்பே. ஆறு மாசத்துப் பாக்கியை ஒரே காலையில அடைச்சிரலாம்னு நெனப்பு. அங்க அது செல்லாது மாப்ளே. பல்லு பளிச்சுன்னு இருந்தாலும் எகிறு காட்டிக் கொடுத்துரும். நாள் தவறாம தேய்ச்சவன் எகிறு வெளிறுன ரோஸ் நெறத்துல பல்லை இறுக்கிப் பிடிச்சிருக்கும். ஒம் எகிறு செவசெவன்னு உப்பி, தொட்டாலே ரத்தம் வரும். அதோட அன்னைக்கி அழுத்தித் தேய்ச்ச புதுக் காயமும் சேந்துக்கிடும். டாக்டரம்மா ஒரு பார்வையில படிச்சிருவாவ. வழக்கமாத் தேய்க்கத அளவுக்குத் தேய்ச்சுட்டுப் போ. வயித்துக்கு ரெண்டு இட்லி போட்டுக்கிட்டுப் போ. கருவாட்டுக் கொழம்பை மட்டும் சாயங்காலத்துக்கு ஒதுக்கி வையி. ஒம் முகத்துக்கு ஒரு சாண் தூரத்துல மூக்கை வச்சிக்கிட்டு வேலை பாக்கவங்க மேல கொஞ்சம் எரக்கம் வேணும்.

உள்ள போனதும் ஒரு காகிதத்தை நீட்டுவாவ. என்னென்ன சீக்கு, என்னென்ன மாத்திரைன்னு கேக்கும். பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு நம்மாளுவ எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு போட்டுட்டு வந்துருவாவ. சம்பந்தம் இருக்குலே. இருதயத்துல வால்வு மாத்தினவனுக்குச் சுத்தம் பண்ணுததுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் கொடுக்கணும். இல்லேன்னா வாய்க் கிருமி ரத்தத்தோட போயி வால்வுல குடியேறிரும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதவன் அதைச் சொல்லணும். சொல்லணும்னுதான் சொல்லுதேன், தானா நிறுத்திரக் கூடாது. பல்லைக் காப்பாத்தப் போயி பக்கவாதத்தோட திரும்பி வரதுக்கா? பேஸ்மேக்கர் வச்சவன், பிள்ளைத்தாச்சிப் பொம்பளை, சுகர்காரன் எல்லாரும் வாயைத் தொறக்கதுக்கு முன்னாடி வாயைத் தொறந்து சொல்லிரணும். ஒனக்கு ஒரு சீக்கும் கெடையாது. பீடி மட்டும் உண்டு. உங்கம்மாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கே. அங்கேயும் மறைக்காதே. பல்லுக்கு உள்பக்கத்துல ஒட்டியிருக்க கருப்பே சாட்சி சொல்லிரும்.

நாக்காலி சாயும். மேல வெளிச்சம் போடுவாவ. ஒரு குட்டிக் கண்ணாடி, நுனி வளைஞ்ச கம்பி ஒண்ணு. இதைப் பாத்ததும் ஒனக்கு வேர்க்கும். வேர்க்கட்டும். வேலை ஆரம்பிக்க முன்னாடி ஒரு ஒப்பந்தம் பேசிக்கோ. சந்தையில நாங்க கையைத் துண்டால மூடிக்கிட்டு, உள்ளுக்குள்ள வெரலைப் பிடிச்சே வெலை பேசி முடிச்சிருவோம். பக்கத்துல நிக்கவனுக்கு ஒரு எழவும் வெளங்காது. நீ துண்டு போட வேண்டாம். ‘டாக்டரம்மா, கூச்சம் தாங்கலேன்னா இடது கையைத் தூக்குவேன், நிறுத்திருங்க’ன்னு முன்னாடியே சொல்லிரு. நிறுத்துவாவ. கையை நீட்டி அவங்க கையைப் பிடிச்சு இழுக்கது மட்டும் ஆகாது. அந்தக் கையில இருக்கது கரண்டி இல்ல.

மொதல்ல பல்லைத் தொட மாட்டாவ. தாடைக்குக் கீழே, கழுத்துல வெரலை வச்சு அமுக்கிப் பாப்பாவ, நெறி ஏதும் கட்டியிருக்கான்னு. நாக்கை நீட்டச் சொல்லி, துணியால பிடிச்சு ரெண்டு ஓரத்தையும் திருப்பித் திருப்பிப் பாப்பாவ. நாக்குக்கு அடியில, உள்கன்னத்துல, அண்ணத்துல, எல்லா எடமும் பாப்பாவ. நீ ‘சுத்தம் பண்ண வந்தவன்கிட்ட இது என்ன சோதனை?’ன்னு நெனைப்பே. வாய்ப் புத்துநோயைத் தேடுதாவலே. வெள்ளையா ஒரு படை, செவப்பா ஒரு திட்டு, ரெண்டு வாரமா ஆறாத ஒரு புண்ணு, இதெல்லாம் வலிக்காம இருக்கப்போ கண்டுபிடிச்சாத்தான் பொழைப்பு. எங்க தரகர் கூட்டத்துல ஒருத்தரு, புகையிலையைத் தொடவே மாட்டேன்னு பெருமை பேசுவாரு. வெறும் பாக்கு மட்டும் எந்நேரமும் ஒரு கன்னத்துல கெடக்கும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புத்துநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புத்துநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல அறிக்கையே போட்டாச்சு. அறிக்கைக்குக் காத்துக்கிட்டு இருக்காம அவரு வாய் அதுக்கு முன்னாடியே இறுகிப் போச்சு. உள்கன்னம் வெளுத்து, தோல் நாராட்டம் ஆகி, வாய்க்குள்ள ரெண்டு வெரல் நுழையாது. ஒம் மூணு வெரலை நெட்டுக்குத்தலா முன்பல்லுக்கு நடுவுல விட்டுப் பாரு. நுழைஞ்சிட்டா சரி. எதிர்த்த வீட்டுக்காரி பாக்கா, போதும், வெரலை எடு.

அடுத்தாப்புல ஒரு மெல்லிய கம்பி வரும். மில்லிமீட்டர் கோடு போட்டது. பல்லுக்கும் எகிறுக்கும் நடுவுல ஒரு சின்ன இடுக்கு இருக்கும். கம்பியை அதுல மெதுவா எறக்கி ஆழம் பாப்பாவ. ஒவ்வொரு பல்லையும் சுத்திச் சுத்தி அளந்து, ‘ரெண்டு, மூணு, ரெண்டு’ன்னு சொல்லச் சொல்ல, பக்கத்துல ஒரு பிள்ளை எழுதிக்கிட்டே வருவா. ஒன்னுல இருந்து மூணு வரைக்கும் சௌக்கியம். நாலு, அஞ்சுன்னு காதுல விழுந்தா எகிறு பல்லை விட்டுக் கெளம்பிட்டுன்னு அர்த்தம். ஆறு, ஏழுன்னு கேட்டா, உள்ள எலும்பே கரைஞ்சுக்கிட்டு இருக்கு. நீ படிக்கப்போ வாங்காத மார்க்கை எல்லாம் இங்க வாங்கிராதே. இங்க கொறைச்சலா வாங்கினவன்தான் கெட்டிக்காரன்.

எக்ஸ்ரே எல்லாருக்கும் எல்லாத் தடவையும் எடுக்கணும்னு கெடையாது. ரெண்டு பல்லு ஒட்டுத எடத்துல இருக்க சொத்தை கண்ணுக்குத் தெரியாது, எலும்பு எவ்வளவு தேஞ்சிருக்குன்னும் வெளிய இருந்து தெரியாது. அதுக்காக எடுப்பாவ. கடிச்சுக்கிட்டு ஒரு நிமிசம் அசையாம இரு, முடிஞ்சிரும்.

இனிமேதான் சமாச்சாரமே இருக்கு.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல பல்லு மேல நாக்கைத் தடவிப் பாரு, வழவழன்னு ஒரு பிசுக்கு. சோத்துப் பருக்கைன்னு நெனைக்காதே, அது முழுக்கக் கிருமி. 1683-லயே ஹாலந்து தேசத்துல டெல்ஃப்ட் ஊர்ல லீவன்ஹோக்னு ஒரு துணி வியாபாரி, தன் பல்லு இடுக்குல இருந்து இந்த வெள்ளை மாவைச் சொரண்டி எடுத்து, தானே தேய்ச்ச கண்ணாடி வில்லைக்கு அடியில வச்சுப் பாத்தாரு. உள்ள நெளியுது, குதிக்குது, சுத்துது. லண்டன்ல இருந்த ராயல் சொசைட்டிக்குக் கடுதாசி எழுதிப் போட்டாரு. இந்த தேசத்து ஜனத்தொகையைவிட என் வாய்க்குள்ள இருக்க ஜீவராசி ஜாஸ்தின்னு. அதோட நிக்கல. ஆயுசுல பல்லே விளக்காத ஒரு கிழவரைத் தேடிப் பிடிச்சு, அவரு பல்லுல இருந்தும் சொரண்டிப் பாத்தாரு. அங்க அதுக்கு மேல கூட்டம். நல்ல வேளை, அவரு காலத்துல நீ பொறக்கல. ஒன்னை விட்டிருக்கவே மாட்டாரு.

இந்தப் பிசுக்கை அன்னன்னைக்கித் தேய்ச்சு எடுத்துட்டா ஒரு வம்பும் இல்ல. விட்டா, ரெண்டு மூணு நாள்லயே இறுக ஆரம்பிச்சிரும். எச்சில்ல சுண்ணாம்புச் சத்து இருக்கு, அது பிசுக்குல ஊறி ஊறி, கல்லாப் போயிரும். நம்ம ஊரு சப்பைத் தண்ணியைக் காய்ச்சுத வெந்நிப் பானைக்குள்ள உப்புப் படிஞ்சு ஏடு கட்டியிருக்கும் பாத்தியா, தேங்காய் நாரால தேய்ச்சா அசையாது, கத்தியை வச்சு நெம்பணும், அதே கதைதான். காரைன்னு சொல்லுதது இதைத்தான். பிரஷ்ஷு இல்ல, வேப்பங்குச்சி இல்ல, உப்பும் உமிக்கரியும் சேந்து வந்தாலும் இந்தக் காரை பெயராது. பல்லுதான் தேயும்.

இந்தக் காரைக்குப் பிடிச்ச எடம் ரெண்டு. கீழ் முன்பல்லுக்கு உள்பக்கம் ஒண்ணு, மேல் கடவாய்க்கு வெளிப்பக்கம் இன்னொண்ணு. ஏன்னு கேளு. எச்சில் ஊத்து வாய்க்குள்ள தொறக்கத எடமே அங்கதான். நாக்குக்கு அடியில ரெண்டு கண்ணு, மேல் கடவாய்க்கு எதிர்த்த கன்னத்துல பக்கத்துக்கு ஒண்ணு. தண்ணி எங்க பாயுதோ அங்கதான உப்புப் படியும். நீ கண்ணாடியில வெளிப்பக்கத்தைப் பாத்து ‘எம் பல்லு சுத்தமாத்தான் இருக்கு’ன்னு திரியுதே. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி கொண்டு போ. சொரசொரன்னு ஒரு திண்டு தட்டுப்படும். பல்லும் பல்லும் பிரிவு தெரியாம ஒண்ணா இருக்கா? அது பல்லு இல்ல, நீ கட்டி வச்ச மதில்சுவர்.

டாக்டரம்மா ஒரு மிஷினை எடுப்பாவ. பேனா கனத்துல ஒரு தண்டு, நுனியில கொக்கி. விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல அதிரும். கண்ணுக்கு அசையுததே தெரியாது. சத்தந்தான் ‘கீஈஈ’ன்னு மண்டைக்குள்ள போகும். நம்ம ஊர்ல பாதிப் பேரு பயப்படுதது இந்தச் சத்தத்துக்குத்தான், வலிக்கு இல்ல. அதிருதப்போ சூடாகும்னு கூடவே தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கும். அந்தத் தண்ணியை உறிஞ்ச ஒரு குழாயை ஒங் கடைவாயில மாட்டி விடுவாவ. மூக்கால மூச்சு விடு. வாயால மூச்சு விட நெனைச்சா தண்ணி தொண்டைக்குப் போயி, நீ துள்ளி எந்திரிச்சு, அந்த அம்மா சட்டையெல்லாம் நனைஞ்சு, ஊருக்குப் பேரு கெடும். நுனி காரையில படுதப்போ கரகரன்னு கேக்கும். பல்லுக் கழுத்துல, எகிறு எறங்கிப் போன எடத்துல படுதப்போ சுரீர்னு ஒரு கூச்சம் ஓடும். அம்புட்டுத்தான். கையைத் தூக்கு, நிறுத்துவாவ, மறுபடி ஆரம்பிப்பாவ. மிஷின் போகாத மூலைக்குக் கைக் கொக்கியைப் போட்டுச் சொரண்டுவாவ.

நடுவுல வாய் கொப்பளிக்கச் சொல்லுவாவ. தொட்டியில துப்பினதைக் குனிஞ்சு பாரு. பழுப்பும் கருப்புமா, உடைஞ்ச வெல்லத் துணுக்காட்டம் நாலு சில்லு கெடக்கும். கூடவே ரத்தம். அதைப் பாத்ததும் ஒனக்குக் கண்ணு சொருகும், எனக்குத் தெரியும். அந்த ரத்தம் மிஷின் கிழிச்சதுல வந்தது இல்ல. காரைக்கு அடியில கிருமியோட மல்லுக்கட்டி வீங்கிக் கெடந்த எகிறு, தொட்டதும் கக்குது. சுத்தமான எகிறு லேசுல ரத்தம் விடாது. பல்லு விளக்கும்போது ரத்தம் வந்தா நம்மாளு என்ன செய்வான்? அந்தப் பக்கம் பிரஷ்ஷே போடாம விட்டுருவான். அங்க இன்னும் பிசுக்கு ஏறும், இன்னும் வீங்கும், இன்னும் ரத்தம் வரும். அதுலயும் சுகர்காரன் பாடு ரெட்டைப் பாடு. சுகர் ஏறினா எகிறு கெடும், எகிறு கெட்டா சுகர் கட்டுக்குள்ள நிக்காது. எகிறுக்கு ஒழுங்கா வைத்தியம் பாத்தா சுகரும் கொஞ்சம் எறங்கி வரும். இதை நெஞ்சுல குறிச்சு வையி. அப்புறம் சொல்லுதேன் எதுக்குன்னு.

இப்போ நம்ம டீக்கடை டாக்டர்மாருக்கு வாரேன். ‘சுத்தம் பண்ணினா பல்லு ஆடிப் போகும்’னு ஒருத்தன் சொல்லியிருப்பான். ‘எம் மச்சினனுக்கு நல்லா இருந்த பல்லு, சுத்தம் பண்ணிட்டு வந்த மறுநாளே ஆட ஆரம்பிச்சிட்டு’ன்னு சத்தியம் பண்ணுவான். அவன் சொல்லுதது பொய் இல்ல, பாதி உண்மை. அந்தப் பல்லைத் தாங்குத எலும்பு வருசக் கணக்கா கரைஞ்சு போயி, காரைதான் பக்கத்துப் பல்லோட சேத்துப் பூசி நிறுத்தி வச்சிருந்திருக்கு. காரையை எடுத்ததும் உள்ள நெலவரம் வெளிய தெரியுது. குத்தவாளி யாரு? ஆனா டீக்கடையில தீர்ப்பு டாக்டரம்மா தலையிலதான் விழும். ‘எடைவெளி விழுந்துட்டு’ன்னு இன்னொருத்தன். அந்த எடைவெளியில இருந்தது காரைலே, பல்லு இல்ல. ‘எனாமல் போயிரும்’பான் மூணாவது ஆளு. மனுசன் ஒடம்புலயே கடினமான வஸ்து எனாமல்தான், எலும்பெல்லாம் அதுக்குப் பின்னாடிதான். பழக்கப்பட்ட கையில சுத்தம் பண்ணுததால அது போகாது. குறுக்க மறுக்க முரட்டு பிரஷ்ஷைப் போட்டு இழுக்கான் பாரு, அவனுக்குத்தான் பல்லுக் கழுத்துல கோடாலியால வெட்டினாப்புல பள்ளம் விழுது.

டீக்கடைன்னதும் ஒரு சோடாக்கடை ஞாபகம் வருது. இந்தியாவுல மொதல் பல் காலேஜு எப்படி வந்ததுன்னு தெரியுமா ஒனக்கு? 1920-ல கல்கத்தாவுல ரஃபியுதீன் அகமதுன்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சாரு. அமெரிக்காவுல படிச்சிட்டு வந்தவரு. காலேஜ் நடத்தக் காசுக்கு என்ன செய்தாரு? ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’னு ஒரு கடையைப் போட்டாரு. சோடா வித்த காசுல பல்லு காலேஜ்! இனிப்புத் தண்ணி குடிச்சுப் பல்லைக் கெடுத்துக்கிட்டவன் காசே பல்லைக் காப்பாத்துத படிப்புக்கு ஆச்சு. தரகுல இத்தனை வருசம் இருந்தும் எனக்கு இந்த மாதிரி ஒரு யோசனை வரல. அரசாங்கம் பிற்பாடு அவருக்குப் பத்மபூஷண் கொடுத்துச்சு.

காரை போனதும் ஒரு ரப்பர் குப்பியில பசையைத் தொட்டு, ஒவ்வொரு பல்லாப் பாலிஷ் போடுவாவ. நறநறன்னு இருக்கும், கொப்பளிச்சா போயிரும். இப்போ ஒனக்கு ஒரு கெட்ட சேதி. டீக்கறை, பீடிக்கறை போகும். ஆனா சினிமாக்காரன் பல்லு நெறம் வராது. பல்லுக்குன்னு ஒரு சொந்த நெறம் இருக்கு, லேசான மஞ்சள். எனாமலுக்கு அடியில இருக்கது மஞ்சள், அது வெளிய தெரியும். வெளுக்கது வேற வேலை, வேற காசு, வேற மருந்து. சுத்தம் பண்ணின அன்னைக்கே ‘இன்னும் மஞ்சளா இருக்கே’ன்னு அந்த அம்மாகிட்டச் சண்டைக்குப் போயிராதே. கல்யாணப் பொண்ணு ஒன் நெறத்தைப் பாத்துத்தான் சம்மதிச்சிருக்கா, பல்லு அதைவிட ரெண்டு மாத்து வெள்ளைதான்.

வெளிய வந்ததும் நாக்கு சும்மா இருக்காது. வழவழன்னு புதுசா ஒரு எடம் கெடைச்ச சந்தோசத்துல கீழ்ப்பல்லுக்குப் பின்னாடியே சுத்தும். ரெண்டு மூணு நாளைக்குப் பச்சைத் தண்ணி பட்டாலும் கூசும். காரை போர்த்தியிருந்த எடம் இப்போதான் காத்து வாங்குது. ஐஸ் மோர், சர்பத்தை எல்லாம் அதுவரைக்கும் தள்ளி வையி. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளி. ஒரு வாரம் தாண்டியும் கூச்சம் கொறையலேன்னா திரும்பப் போயிக் காட்டு. பீடியை அன்னைக்கி மட்டும் விடு. மறுநாளும் விடு. அதுக்கு மறுநாள் நான் வந்து கேக்கேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் பல்லு செட்டைக் கையில வச்சிக்கிட்டுப் பாடம் எடுப்பாவ. ‘எனக்குப் பல்லு விளக்கத் தெரியாதா’ன்னு கொட்டாவி விடாதே, ஒனக்குத் தெரியாது. மெதுவான நார் பிரஷ். எகிறுப் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சு, சின்னச் சின்னதா ஆட்டணும். ரெண்டு நிமிசம், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ராத்திரிதான் முக்கியம், தூங்கறப்போ எச்சில் சுரக்கது கொறைஞ்சிரும், கிருமிக்குக் கேள்வி கேப்பார் கெடையாது. ஃப்ளூரைடு இருக்க பேஸ்ட்டு, பட்டாணி அளவு போதும். மூணு மாசத்துக்கு ஒரு பிரஷ்ஷு. எங்க வீட்டுப் பழைய பிரஷ்ஷு ஒண்ணு நார் ரெண்டு பக்கமும் விரிஞ்சு மீசை வச்சிருந்துச்சு, உங்கத்தை அதால கொலுசு வெளக்குதா, அதுதான் அதுக்குச் சரியான உத்தியோகம். அப்புறம் பல்லு இடுக்கு. ஊக்கு, வெளக்குமாத்துக் குச்சி, பஸ் டிக்கெட்டுன்னு கையில கெடைச்சதை எல்லாம் சொருகுத கையை வெட்டணும். அதுக்குன்னு நூலு இருக்கு, குட்டி பிரஷ்ஷு இருக்கு. எப்படிப் பிடிக்கன்னு அங்கேயே காட்டச் சொல்லிக் கத்துக்கிட்டு வா.

‘ஆறு மாசம் கழிச்சு வாங்க’ம்பாவ. எல்லாருக்கும் ஆறு மாசம்தான்னு கல்வெட்டுல ஒண்ணும் எழுதல. இங்கிலாந்துல ஆளைப் பொறுத்து மூணு மாசத்துல இருந்து ரெண்டு வருசம் வரைக்கும் டாக்டரே முடிவு பண்ணலாம்னு விதி வச்சிருக்கான். பீடிக்காரன், சுகர்காரன் சீக்கிரம் போகணும். வாயைச் சுத்தமா வச்சிருக்கவன் நிதானமாப் போகலாம். நீ எந்தக் கூட்டம்னு நான் சொல்ல வேண்டாம்.

ஒரு வேளை அந்தக் கம்பி ஆழம் பாத்ததுல அஞ்சு, ஆறு வந்துட்டுன்னா, ‘இன்னைக்கி மேலோட்டமாத்தான் முடியும், எகிறுக்கு அடியில வேரு வரைக்கும் சுத்தம் பண்ணணும், ரெண்டு மூணு தடவை வாங்க’ம்பாவ. அதுக்கு மரத்துப் போக ஊசி உண்டு. பயப்படாதே, ஆனா தலையையும் ஆட்டிராதே. தரகன் மருமகன் நீ. ‘எந்தப் பல்லு, எத்தனை மில்லி, எக்ஸ்ரேயில காட்டுங்க’ன்னு கேளு. நேர்மையான டாக்டர் ஒனக்குப் பக்கத்துல உக்காந்து படத்தைத் தொட்டுக் காட்டுவாவ. நாலு பல்லுக்குக் கேப் போடணும், இன்னைக்கே முன்பணம் கட்டணும்னு ஒருத்தன் அவசரப்படுத்தினா உஷாராயிரு. மாட்டை விக்க அவசரப்படுதவன் மாட்டுல என்ன கோளாறுன்னு நாங்க முதல்ல பாப்போம். நீயும் இன்னொரு டாக்டர்கிட்டப் போயிப் பாரு. காசு இடிக்குன்னா அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போ, பல் பிரிவு இருக்கு. பல் மருத்துவக் கல்லூரி எதுவும் பக்கத்துல இருந்தா அங்கயும் போகலாம். படிக்கப் பிள்ளையள் பொறுமையா ஒரு மணி நேரம் எடுத்துச் சுத்தம் பண்ணுவாவ, பின்னாடி அவங்க வாத்தியாரு வந்து சரி பாப்பாரு. அங்க ஒருத்தரும் ஒன்னை அவசரப்படுத்த மாட்டாவ.

சரி, எந்திரி, இருட்டப் போகுது. ஒரே ஒரு காரியம் சொல்லுதேன், இதுல கிண்டல் இல்ல. உங்கம்மா கொல்லையில காலையில வாய் கொப்பளிக்கப்போ தண்ணி செவப்பா விழுது. கேட்டா வெத்தலைச் சாறுங்கா. ஒங்கய்யா காலமான வருசமே அவ வெத்தலையை விட்டாச்சே. சுகர் வேற இருக்கு அவளுக்கு. மகன் கல்யாணம் முடியட்டும்னு யாருட்டயும் சொல்லாம மறைச்சிக்கிட்டுத் திரியுதா. சனிக்கிழமை நீ மட்டும் போகாதே, அவளையும் வண்டியில ஏத்து. இப்பவே போனைப் போட்டு இன்னொரு பேரையும் எழுதச் சொல்லு. காலையில அவ சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளான்னு பாத்துட்டு, சுகர் மாத்திரைச் சீட்டையும் கையில எடுத்துக்கோ.